ஒளியிழை வலை: நீளத்தை அளந்தால் போதுமா?

இராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மங்களநாதர் கோயிலால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பு களையப்படும். பக்தி இலக்கியம் படித்தவர்களுக்கு மாணிக்கவாசகரின் நினைவும் வரும். ஆனால் நாம் இப்போது பேசப்போவது கோயிலைப் பற்றி அன்று. அந்த 18 கிலோமீட்டரைப் பற்றி.

அத்தொலைவுக்கு ஒரு கண்ணாடி இழையை இழுத்து, இராமநாதபுரம் முனையில் ஒரு சிறு லேசரின் ஒளியைச் செலுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உத்தரகோசமங்கை முனையில் எவ்வளவு ஒளி வந்து சேரும்?

1966க்கு முன் இந்தக் கேள்வியை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அக்காலத்துக் கண்ணாடியில் ஒளி இருபது மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்காம் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினர். குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதில் கலந்துள்ள மாசுகளினுடையது. மாசை நீக்கி, கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தொலைபேசிக்குக் கண்ணாடியையே பயன்படுத்தலாம் என்றனர். டெசிபெல் கணக்கு எளிது. ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகும். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதியாகும். எனவே 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு எஞ்சும். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனம் 17 டெசிபெல் அளவை எட்டிக் காட்டியது.

காவோ குறித்த அந்த 20 டெசிபெல் கண்ணாடியை நம் 18 கிலோமீட்டருக்கு இழுத்தால் என்ன ஆகும்? இழப்பு 360 டெசிபெல். ஒரு மில்லிவாட் லேசர் நொடிக்குப் பல கோடி கோடி ஒளித்துகள்களை அனுப்புவது. ஆயினும் மறுமுனையில் ஒரே ஓர் ஒளித்துகளைக் காண்பதற்குச் சராசரியாகப் பேரண்டத்தின் வயதைப் போல் முந்நூறு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும்! இன்று சந்தையில் கிடைக்கும் சாதாரண இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபெல்தான். 18 கிலோமீட்டருக்கு 3.6 டெசிபெல். செலுத்திய ஒளியில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பங்கு உத்தரகோசமங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். வழியில் எந்தப் பெருக்கியும் வேண்டாம், எந்தக் கட்டடமும் வேண்டாம்.

இங்கே ஒரு சிறு விலகல். 1950களில் இலண்டனில் இழைக் கற்றைகளின் வழியே படங்களைச் செலுத்திக் காட்டிய நரிந்தர் சிங் கபானி பஞ்சாபில் பிறந்தவர். 2009இல் நோபெல் பரிசு காவோவுக்குக் கிடைத்தபோது, கபானியை மறந்துவிட்டார்களே என்று நம் நாட்டில் பலர் வருந்தினர். வருத்தம் இயல்பே. ஆனால் கபானி காட்டியது, ஒளி இழையோடு வளைந்து செல்லும் என்பதை; காவோ காட்டியது, நெடுந்தொலைவு செல்லும் என்பதை. தொலைத்தொடர்புக்குத் தேவைப்பட்டது பின்னது. நாட்டுப் பற்றினால் இந்த வேறுபாட்டை அழித்துவிடக் கூடாது.

இனி, நாள்தோறும் நாம் படிக்கும் ஒரு பிழையான கூற்றைப் பார்ப்போம். 'ஒளியிழையில் செய்தி ஒளியின் வேகத்தில் பறக்கிறது; செம்புக் கம்பியை விட விரைவாகப் போகிறது' என்று எழுதுகிறார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். செம்புக் கம்பி வழியே செல்லும் மின்குறிகளும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் செல்கின்றன. காற்றில் செல்லும் வானொலி அலையோ இரண்டையும் முந்திவிடும். ஆகவே ஒளியிழையின் சிறப்பு ஓட்டத்தின் வேகத்தில் இல்லை, பாதையின் அகலத்தில் இருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் ஓடுபவனும் நெடுஞ்சாலையில் ஓடுபவனும் ஒரே வேகத்தில் ஓடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஓடலாம். இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பாடநூலில் வரும் படமும் அப்படித்தான். ஒளிக்கதிர் இழையின் சுவரில் முட்டி முட்டி, முழு அக எதிரொளிப்பு அடைந்து, வளைந்து வளைந்து முன்னேறுவதாக வரைந்திருப்பார்கள். தடித்த இழைக்கு அப்படம் பொருந்தும். தொலைத்தொடர்பில் பயன்படும் ஒற்றை முறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் குறுக்களவே உடையது. ஒளியின் அலைநீளமோ ஒன்றரை மைக்ரான். இத்துணை நெருக்கத்தில் 'கதிர்' என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டவே முடியாது. ஓர் அலை உள்ளகத்தை நிறைத்துக்கொண்டு, சுற்றியுள்ள உறையிலும் சற்றே பரவியபடி, நேரே செல்கிறது. பழைய படத்தோடு இதையும் ஒரு படமாகச் சேர்த்தால் மாணவர்களுக்குக் குழப்பம் வராது, தெளிவுதான் வரும்.

பாதை எவ்வளவு அகலம்? ஒரே இழையில் எண்பது, தொண்ணூறு வெவ்வேறு அலைநீளங்களை, அதாவது எண்பது, தொண்ணூறு 'நிறங்களை', ஒன்றோடொன்று கலவாமல் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நிறமும் நொடிக்கு 100 கிகாபிட் சுமந்தால், எண்பது நிறங்களுக்கு 8 டெராபிட். தொலைபேசிப் பேச்சு ஒன்றுக்கு 64 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், 12 கோடிக்கும் மேற்பட்ட பேச்சுகள் ஓர் இணை இழையில் அடங்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இடம் மிஞ்சும்!

இந்த அகலம் தொலைத்தொடர்பின் கட்டமைப்பையே மாற்றிவிட்டது. இந்தியாவில் 1979இல் புனே நகரத்தின் தொலைபேசி நிலையங்களுக்கிடையே முதல் ஒளியிழை இணைப்பு வந்தபோது, ஒளி ஒரு கட்டடத்தில் ஏறி அடுத்த கட்டடத்தில் இறங்கியது, அவ்வளவே. இறங்கிய இடத்தில் அது மின்குறியாக மாறி, மறுபடி ஒளியாகிப் போக வேண்டும். 1987இல் எர்பியம் கலந்த இழை ஒளியை ஒளியாகவே பெருக்கும் என்று கண்டனர். பின்னர், வழியிலுள்ள நிலையத்தில் எந்த நிறம் இறங்க வேண்டும், எது நிற்காமல் செல்ல வேண்டும் என்று ஒளியை மாற்றாமலே பிரிக்கும் கருவிகள் வந்தன. மானாமதுரைச் சந்திப்பில் சில பெட்டிகளைக் கழற்றிவிட்டு, மற்றவை அப்படியே தொடர்ந்து போவதைப் போன்றது இது. முற்காலத்தில் ஊருக்கு ஊர் நின்ற பெரிய இணைப்பகங்களின் வேலையை இன்று அலமாரி அளவுள்ள பெட்டி பார்க்கிறது. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்கும் பிற தீவுகளுக்கும் 2,312 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய பாதையையே நம்பியிருந்த தீவுகள் அவை.

அப்படியானால், திருவாதிரை நாளன்று உத்தரகோசமங்கையில் திரளும் கூட்டத்தின் நடுவே கைப்பேசி ஏன் திணற வேண்டும்? கோபுரம் வரைக்கும் ஒளியிழை வந்திருந்தாலும், கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குச் செல்வது வானொலி அலை. அந்த அலைவரிசை அளவானது; அதை அங்குள்ள அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அமைதியாக இருக்கும் ஊரில், ஒரு நாளில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் படம் எடுத்து அனுப்பினால் நெருக்கடி கண்ணாடியில் ஏற்படுவதில்லை, காற்றில் ஏற்படுகிறது. 'ஃபைபர் வந்த பிறகும் இப்படியா?' என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. வலை என்பது ஒரு சங்கிலி. அதன் மிகக் குறுகிய கண்ணிதான் அதன் அளவு.

இப்போது நம் குறையைச் சொல்லலாம்.

நாட்டின் ஊராட்சிகளுக்கெல்லாம் ஒளியிழை கொண்டு செல்லும் தேசியத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாண்டில் இரண்டரை லட்சம் ஊராட்சிகள் என்பது அன்றைய எண்ணம். பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்ற அத்திட்டம் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டியது 2017 டிசம்பரில். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கவென்று 'தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம்' என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய வழக்காட்டில் 2020இல் முதல் ஒப்பந்தப்புள்ளி கைவிடப்பட்டு, பணி தாமதமாயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்து 429 ஊராட்சிகளும் இக்கணக்கில் அடங்கியவையே. தாமதத்தைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதிவிட்டன. நாம் மறுபடி எழுத வேண்டியதில்லை.

நம் குறை அளவுகோலைப் பற்றியது. இத்தனை லட்சம் கிலோமீட்டர் இழை போட்டாயிற்று, இத்தனை ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்' என்று அறிக்கைகள் வருகின்றன. கிலோமீட்டர் என்பது கண்ணாடியின் நீளம். 'சேவைக்குத் தயார்' என்பது பெட்டி வைத்த நாளில் அது வேலை செய்ததைக் குறிக்கும். சென்ற செவ்வாய்க்கிழமை வேலை செய்ததா என்பதைச் சொல்லாது. எந்த அறிக்கையின் முகப்பிலும் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு: இந்த வலையின் வடிவம் என்ன?

தேசியத் திட்டத்தின் முதற்கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு ஒரு கோடு, அவ்வளவே. மரத்தின் கிளை போல. கிளையை எந்த இடத்தில் வெட்டினாலும் அதற்கப்பாலுள்ள இலைகளெல்லாம் வாடும். குடிநீர்க் குழாய் பதிக்க வரும் பொக்லைன் எந்திரம் ஒரு முறை பல்லைப் பதித்தால் போதும். நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவி காத்து நிற்கும், வங்கி முகவரின் கருவி நிற்கும், பள்ளிக்கூடத்துக் கணினியும் நிற்கும். இதற்கு மாற்று பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. கோட்டின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிட்டால், ஓரிடத்தில் அறுந்தாலும் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். நகரங்களின் ஒளியிழை வளையங்கள் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இப்படித் திரும்பிக்கொள்ளும். பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், கோட்டு அமைப்பை வளைய அமைப்பாக மாற்றுவதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் தொடங்கும்போதே செய்திருக்க வேண்டியதைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் செய்ய முற்படுகிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒற்றைக் கோட்டின் அபாயத்தை இக்கடற்கரைக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் பேரலையும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலில் மூழ்கியது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. தந்தி, தொலைபேசிக் கம்பிகளும் உடன் போயின. தீவின் முனையில் என்ன நடந்தது என்பதே வெளியே உடனடியாகத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கைக்குக் கடலடித் தந்தி வடம் கண்ட கரை அது! வடம் இருந்தது, மாற்றுவழி இல்லை.

இப்போது தீவுக்கு வளையம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய இரயில் பாலம் மற்றொன்று. ஒன்றில் ஓர் இழை, மற்றதில் இன்னோர் இழை என்று வரைபடத்தில் கோடிட்டால் அழகிய வளையம் கிடைத்துவிடும். ஆனால் இரு பாலங்களும் ஒரே நீர்வழியில் அருகருகே நிற்பவை. அவற்றுக்கு வந்து சேரும் மண்டபம் நிலமுனையோ குறுகியது. ஒரே புயல் இரண்டையும் தாக்கும். காகிதத்தில் வளையம், கடலில் கோடு! இத்தகைய 'தட்டை வளையங்கள்' நம் ஊர்ச் சாலைகளிலும் உண்டு: போகும் இழையும் வரும் இழையும் ஒரே பள்ளத்தில் படுத்திருக்கும். பள்ளம் தோண்டும் எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

உண்மையான இரண்டாவது வழி வேண்டுமானால் கடலடியே போக வேண்டும். வடக்கே பாக் விரிகுடா ஆழமற்றது, இழுவலைப் படகுகள் திரிவது; உலகில் கடலடி வடங்கள் பழுதாவதற்கு மீன்பிடிக் கருவிகளும் நங்கூரங்களுமே தலையாய காரணம். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவழத் திட்டுகளும் கொண்ட தேசியக் கடற்பூங்கா இருக்கிறது. அங்கே மண்ணைக் கீறுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கும் இடையே 2006இல் ஒளியிழை வடம் போட்டார்கள் என்பதால் இயலாத காரியம் என்று சொல்லவில்லை. செலவும் கவலையும் மிக்கது என்கிறோம். என் கருத்தில் தீவுக்கு உடனடித் தேவை இன்னொரு நெடுஞ்சாலை அன்று, ஓர் ஒற்றையடிப் பாதை. நுண்ணலைக் கோபுரமோ செயற்கைக்கோளோ இழையின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தந்தாலும், புயல் இரவில் ஓர் எச்சரிக்கையும் நூறு தொலைபேசிப் பேச்சுகளும் போய்வரத் தாராளமாகப் போதும். டோங்கா என்ற பசிபிக் தீவு நாட்டுக்கு வெளியுலகோடு இருந்தது ஒரே கடலடி ஒளியிழை வடம். 2022 சனவரி 15 அன்று எரிமலை வெடித்து அது அறுந்தது. பழுது நீக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்நாள்களில் அந்நாட்டை உலகத்தோடு பிணைத்தவை செயற்கைக்கோளின் குறுகிய இணைப்புகளே.

வடிவத்தைப் போலவே மறக்கப்படும் இன்னொன்று, இழை எதன்மேல் தொங்குகிறது என்பது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே செல்கிறது. பள்ளம் தோண்டும் செலவு மிச்சம், பொக்லைன் பயமும் இல்லை. பழுதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த நியாயங்களை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படி ஒரு நாளில் மின்சாரமும் ஒளியிழையும் ஒருங்கே போகும். வளையமாகவே இருந்தாலும், இரு பக்கமும் கம்பத்தில் தொங்கினால் இரு பக்கமும் போகும். உள்நாட்டு ஊர்களுக்குக் கம்பம் சரி. கடற்கரை ஒன்றியங்களில் வளையத்தின் ஒரு பக்கமாவது மண்ணுக்கடியில் செல்ல வேண்டும் என்ற விதியை அரசு வகுக்கலாம்.

மேலும் ஒன்று. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து அன்று. தொலைபேசி நிலையத்தின் மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் அழுத்தத்தில் அதே கம்பி வழியே வந்தது. ஊரே இருண்டாலும், கம்பி அறுபடாதவரை, தொலைபேசி ஒலிக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியிழையின் மறுமுனையிலுள்ள பெட்டிக்கு அந்த ஊரின் மின்சாரமே வேண்டும். ஆக, விளக்கு அணைந்தால் பேச்சும் அணைகிறது. தொழில்நுட்பம் ஒரு பொறுப்பை நகரத்திலுள்ள நிலையத்திலிருந்து எடுத்துக் கிராமத்தின் தோளில் வைத்துவிட்டது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தீர்வு ஒன்றும் அரிதன்று. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்கும் மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு சிறு சூரியப் பலகையும் நல்ல மின்கலமும் அந்தப் பெட்டியைத் தாங்கும். ஆனால் மின்கலத்தை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பலகையில் படியும் புழுதியைத் துடைக்க வேண்டும். அவ்வேலை யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டது என்றால், அடுத்த முறை அங்கே போகும்போது சற்று நின்று பாருங்கள். கம்பத்தில் வரும் கறுப்பு வடம் ஒரு திசையிலிருந்து மட்டும் வருகிறதா, இரு திசைகளிலிருந்து வருகிறதா? இரண்டு என்றால், இரண்டும் ஒரே சாலையோரமாக வருகின்றனவா, வேறு வேறு வழியாகவா? சுவரிலுள்ள பெட்டிக்கு மின்கலம் உண்டா, அதை மாற்றிய தேதி எங்கேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா? மின்சாரம் நின்று ஒரு மணி நேரம் ஆனபின் அதன் பச்சை விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.